பயிற்சியா, பாதிக் கூலியா?

"கல்லூரி முடித்த பிள்ளைகளே, முதலில் கம்பெனியில் பயிற்சி பெறுங்கள், வேலை தானாக வரும்" என்று முதலாளிகளும் அவர்களது பத்திரிகைகளும் ஓயாமல் உபதேசம் செய்கிறார்கள்.

நாம் பயிற்சிக்கு விரோதிகள் அல்ல. அறுந்த இழையைப் பிணைக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரி? பக்கத்தில் நின்ற தொழிலாளியின் கையைப் பார்த்துத்தானே கற்றோம்! நாற்று நடக் கற்றதும் அப்படித்தான். ஆட்டை விற்றுப் படிக்க வைத்த விவசாயத் தொழிலாளியின் மகளுக்குச் சிபாரிசு செய்ய ஆளில்லை. கம்பெனிக்குள் ஓராண்டு வேலை பழகுவது அவளுக்குப் பயன்தரும். அதை யார் மறுத்தார்கள்? பழகும் காலத்தில் அவள் உழைப்பின் பலன் யாருக்கு? செலவு யார் தலையில்? இதுவே நமது கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தை அறிவித்தது. 500 பெரிய கம்பெனிகளில், ஐந்து ஆண்டுகளில், 1 கோடி இளைஞர்களுக்குப் பயிற்சியாம். 12 மாதம், மாதம் 5,000 ரூபாய், ஒரு தடவை மட்டும் 6,000 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய்கூடத் தேறாது. இதில் பஸ்ஸுக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு?

ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் 66,000 ரூபாயில் கம்பெனியின் பங்கு மாதம் 500, அதாவது 6,000 ரூபாய். மீதி 60,000 மக்களின் வரிப்பணம்! அந்த 6,000 ரூபாயும் புதிதாகக் கொடுப்பதல்ல. 2013 கம்பெனிச் சட்டப்படி சமூகப் பணிக்கென ஏற்கெனவே செலவிட வேண்டிய 2 சதவிகித லாபத்திலிருந்து எடுப்பது. பந்தி வைப்பது நாம், உண்பது அவர்கள், புண்ணியமும் அவர்களுக்கே!

ஆண்டு முடிந்தால் வேலை உண்டா? உத்தரவாதம் இல்லை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமோ, அப்ரண்டிஸ் தொழிலாளியே அல்ல என்கிறது. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுக்கும் கொள்கையை ஒவ்வொரு முதலாளியும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 2014 திருத்தம். ஆட்டுக்குட்டியின் கதியை ஓநாயே முடிவு செய்யுமாம்!

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களமாகப் பெயர் சூட்டி, கலியாணப் பணம் தருவதாக ஆசை காட்டி, ஏழைப் பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் அடைத்தார்கள். முழு ஷிப்ட் வேலை வாங்கினார்கள். பெயர் மட்டும் அப்ரண்டிஸ்! கிராமத்துப் பெண்களிடம் அன்று செய்ததைத்தான் இன்று பட்டதாரிகளிடமும் செய்யப் பார்க்கிறார்கள்.

எனவே நாம் கோருகிறோம்: வேலை செய்பவருக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத உதவித்தொகை! கற்றுத்தரும் ஏற்பாடு இல்லாத இடத்தில் பயிற்சி என்ற பெயரே கூடாது! நிரந்தர வேலையிடத்தில் பயிற்சியாளரை நிறுத்தாதே! பயிற்சி முடித்தவருக்கே காலியிடத்தில் முதல் உரிமை!

மில் தொழிலாளத் தோழர்களே! பக்கத்து மெஷினில் நிற்கும் பயிற்சிப் பையன் உங்கள் கூலியைப் பறிக்க வந்தவனல்ல. அவனைக் காட்டி உங்கள் கூலியை அமுக்கப் பார்ப்பவன் முதலாளி. அவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள். சங்கத்தின் கதவையும் திறந்துவிடுங்கள். அவன் நம் வீட்டுப் பிள்ளை!