படம் வரைந்து பாகம் குறி

எதிர் ஃபிளாட்டில் ஒரு பெண். வயது பதினான்கு. எப்போது பார்த்தாலும் கையில் கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும் இருக்கும். நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் வாட்ச்மேன், மொட்டை மாடியில் காயும் வேட்டி, கீரைக்காரம்மாவின் கூடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைவாள். லிஃப்டுக்குக் காத்திருந்த என் தொந்தியையும் ஒருமுறை விடவில்லை. கொஞ்சம்கூட இரக்கம் காட்டாமல் உள்ளது உள்ளபடி வரைந்திருந்தாள்.

மூன்று மாதமாக அந்த நோட்டைக் காணோம். என்னாச்சு என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா பதில் சொன்னார்.

"பத்தாவது வந்துட்டா சார். அதையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டாச்சு. மொதல்ல மார்க் வாங்கட்டும், அப்புறம் எவ்ளோ வேணா வரைஞ்சுக்கட்டும்."

"ஸ்கூல்ல டிராயிங் பீரியட் இருக்குமேம்மா?" என்றேன் அவளிடம்.

"டைம் டேபிள்ல இருக்கு அங்கிள். ஆனா கணக்கு மிஸ்தான் வருவாங்க."

டைம் டேபிளில் ஓவியம், வகுப்பில் கணக்கு. நம் கல்வியின் லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. டிராயிங் பீரியட், பி.டி. பீரியட் எல்லாம் நம் பள்ளிகளுக்கு அஞ்சறைப்பெட்டியில் போட்டுவைத்த சில்லறை மாதிரி. கணக்குக்கும் சயின்ஸுக்கும் முடை வந்தால் எடுத்துச் செலவழித்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்த பையனை வெளுத்து வாங்குகிறோம். அதே பையனிடமிருந்து வாரம் ஒரு பீரியட் களவு போகிறது. பேரண்ட்ஸ் மீட்டிங்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா? கேட்கிறோம். "பி.டி. பீரியடையும் கணக்குக்கே குடுத்துடுங்க மேடம்" என்று.

அரசாங்கமும் இதற்கு உடந்தை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்றது. தமிழக அரசு 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 16 ஆயிரத்துக்கும் அதிகமான பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள் என்றாலும், ஓவியத்துக்கு நாம் போட்ட விலை அதுதான். எட்டாம் வகுப்போடு அந்தச் சட்டமும் கையைக் கழுவிவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று 2005-லேயே தேசியக் கலைத்திட்டத்தில் எழுதிவைத்தார்கள். எழுதியதோடு சரி.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. படம் வரையாதே என்று விரட்டுகிற இதே பள்ளி, சயின்ஸ் பரீட்சையில் 'நரம்பு செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்கிறது. அந்த நரம்பு செல் நம் புத்தகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா?

ஸ்பெயினில் 1852-ல் பிறந்த சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற பையனுக்குப் படம் வரைவதுதான் உயிர். அப்பா டாக்டர். மகனும் டாக்டராக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எந்த ஊர் அப்பாவும் நம்ம ஊர் அப்பாதான். பையனுக்குத் திறமை இருக்கிறதா என்று அபிப்பிராயம் கேட்க அவர் பிடித்த ஆள், அந்த ஊர் சர்ச்சுக்கு வெள்ளையடிக்க வந்தவர். அவர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தீர்ப்பு முடிந்தது. பென்சிலும் காகிதமும் பறிமுதல்.

பிற்பாடு அதே அப்பா, மகனுக்கு மருத்துவத்தில் ஆசை வரட்டும் என்று இடுகாட்டில் கிடந்த எலும்புகளைக் காட்டினார். பையன் அவற்றை வரைந்தான். வரைய வரைய உடம்பு புரிந்தது. டாக்டரானான். மைக்ராஸ்கோப்பில் தெரிந்த நரம்பு செல்களை ஆயிரக்கணக்கில் வரைந்தான். நரம்புகள் எல்லாம் ஒரே வலைப்பின்னல் என்று பெரிய பெரிய தலைகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, 'இல்லை, தனித்தனி செல்கள்' என்று காட்டியவர் கஹால். 1906-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கஹால் பார்த்து வரைந்தார். நம் பிள்ளைகளோ நரம்பு செல்லைக் கண்ணால் பார்க்காமலே கைடில் உள்ள படத்தை இருபது தடவை வரைந்து மனப்பாடம் செய்கிறார்கள். படத்தையும் மனப்பாடம் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நாம்.

சந்தேகம் இருந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து 'ஒரு சீனரி போடு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதி சூரியன். 'டிக்' அடித்த மாதிரி நாலு பறவை. ஓர் ஆறு, ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு. நீங்களும் அதைத்தான் போட்டீர்கள், நானும் அதைத்தான் போட்டேன். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த பையன் எந்த மலைக்கு நடுவில் சூரியன் உதிப்பதைப் பார்த்தான்?

இனி, பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசப்போகிறேன். பெரியவர்கள் ஒட்டுக் கேட்கலாம்.

முதலில், 'எனக்குக் கை வராது' என்பதை விடு. வான்கா ஓவியராவது என்று 1880-ல் முடிவு செய்தபோது அவருக்கு வயது 27. அதற்குமுன் பார்த்த வேலைகள் எதுவும் உருப்படவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி பக்கம் பக்கமாக வரைந்து பழகினார். பத்தே வருடத்தில் இறந்தும்போனார். நாம் கொண்டாடும் வான்கா முழுவதும் அந்தப் பத்து வருடத்துக்குள் அடக்கம். உனக்குப் பதினைந்து வயது. அவரைவிடப் பன்னிரண்டு வருடம் உன்னிடம் கூடுதலாக இருக்கிறது.

தேவையானவை: 2பி பென்சில் ஒன்று, 4பி ஒன்று, கோடு போடாத நோட்டு ஒன்று. கலர் பாக்ஸ், டேப்லெட் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ரப்பரை ஒரு மாதத்துக்கு அம்மாவிடம் கொடுத்துவை. தப்புக் கோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு. எங்கே தப்பினோம் என்பதைக் காட்ட அந்தத் தப்புக் கோட்டைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

நேரம்: தினம் இருபது நிமிடம். ரீல்ஸ் பார்க்கும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள். கணக்குப் பாடத்திலிருந்து எடுக்க வேண்டாம். நாமும் திருட வேண்டாமே.

முதல் வாரம் உன் இடது கையை வரை. இடது கைக்காரர் என்றால் வலது கை. நோட்டைப் பார்க்காதே, கையை மட்டும் பார். கண் விரல் ஓரத்தில் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ, பென்சிலும் அவ்வளவு மெதுவாக நகரட்டும். எறும்பு ஊர்கிற வேகம். வருகிற படம் கன்றாவியாக இருக்கும். பரவாயில்லை. கண்ணையும் கையையும் ஒன்றாக நடக்கப் பழக்குகிறாய், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியை வரையாதே. கால்களுக்கு நடுவே தெரியும் இடைவெளிகளை வரை. அந்த வெற்றிடங்களின் வடிவம் சரியாக வந்தால் நாற்காலி தானாக வந்து உட்கார்ந்துவிடும். நாற்காலி இப்படித்தான் இருக்கும் என்று மூளைக்கு ஒரு முன்முடிவு இருக்கிறது. இடைவெளியைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. அதனால் கண் சொல்வதைக் கேட்கும்.

மூன்றாவது வாரம் அளவு. கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடி. ஒரு கண்ணை மூடு. பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை எதிரில் இருக்கும் சொம்பின் அகலத்தை அள. உயரம் அதில் எத்தனை மடங்கு? இந்த விகிதத்தை நோட்டில் கொண்டுவா. கணக்கு மிஸ்கூட சந்தோஷப்படுவார்.

நான்காவது வாரம் வெளிச்சம். மேஜையில் ஒரு முட்டை, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. மற்ற லைட்டையெல்லாம் அணைத்துவிடு. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எது வெளிச்சம், எது நிழல் என்று பிரிந்து தெரியும். இதில் கோடே கிடையாது. நிழல் மட்டும்தான். முட்டையைப் பிறகு ஆம்லெட் போட்டுக்கொள்ளலாம். சைவம் என்றால் எலுமிச்சம்பழம்.

அப்புறம் தெருவுக்குப் போ. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை வரிசை, ரயில்வே பிளாட்பாரம். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். மூக்கு, முழியெல்லாம் வேண்டாம். அவர் எந்தக் காலில் நிற்கிறார், பையின் கனத்துக்குத் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, அதைப் பிடி. விடுமுறையில் எழும்பூர் மியூசியத்துக்குப் போய் வெண்கலச் சிலைகள் முன்னால் உட்கார். வெளியூர் என்றால் உங்கள் ஊர்க் கோயில் தூணே போதும். விகடனில் சிற்பி வரைந்த கோயில் ஓவியங்களை உன் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். சிலையின் எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவர் அவர்.

அவருடைய படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கலாமா? தாராளமாக. அவர் நிழலை எப்படிப் போட்டார் என்று கற்றுக்கொள்ளக் காப்பி அடி. நடிகர் போட்டோவைச் செல்போனில் பெரிதாக்கி, கட்டம் போட்டு அச்சு அசலாக வரைந்து லைக் வாங்குவதற்காக அடிக்காதே. போட்டோவைப் பார்க்கிற வேலையை கேமரா ஏற்கனவே செய்து முடித்துவிட்டது.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடு. எதையும் கிழிக்காதே. நூறாவது நாள் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார். அதற்குப் பிறகு உனக்கு என் சிபாரிசு தேவைப்படாது.

ஒட்டுக் கேட்ட பெரியவர்களுக்கு இரண்டு சந்தேகம் வந்திருக்கும்.

ஒன்று: "டைப் பண்ணினா ஏ.ஐ. படம் போட்டுக் குடுக்குதே, அப்புறம் எதுக்கு சார் வரையணும்?" செல்போனில் எஸ்.பி.பி. பாடுகிறாரே என்று நீங்கள் பாத்ரூமில் பாடாமலா இருக்கிறீர்கள்? ஏ.ஐ. உங்களுக்குப் படம் தரும். உங்கள் மகளுக்குப் பார்வை தராது.

இரண்டு: "இதனால என்ன பிரயோஜனம்?" ஆர்க்கிடெக்சர் படிப்புக்கான 'நாட்டா' தேர்வில் வரையச் சொல்கிறார்கள். டிசைன் படிப்புக்கும் அப்படித்தான். பிளஸ் டூவில் இது தெரிந்ததும், பரணில் போட்ட அதே ஓவியத்துக்குப் பணம் கட்டி கிராஷ் கோர்ஸில் சேர்க்கிறார்கள். சென்னையில் 1850-ல் ஓவியப் பள்ளி ஆரம்பித்த அலெக்சாண்டர் ஹண்டரும் ஒரு டாக்டர்தான். அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி அங்கேதான் முதல்வராக இருந்தார். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. கோபுலு படித்த இடம் அது. ஆனால் பிரயோஜனம் என்று இதையெல்லாம் அடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தினம் இருபது நிமிடம் ஒரு பொருளைப் பொறுமையாக உற்றுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை டாக்டரானாலும், வக்கீலானாலும், மளிகைக் கடை வைத்தாலும் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். இது பிரயோஜனம் இல்லையா?

எனவே மூன்று கோரிக்கைகள். தலைமையாசிரியர்களே, டைம் டேபிளில் இருக்கும் ஓவியத்தை வகுப்பில் நடத்துங்கள், முடியாவிட்டால் டைம் டேபிளிலிருந்து அழித்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அரசே, ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கும் முழு நேர ஓவிய ஆசிரியரை, முழுச் சம்பளத்துடன் போடுங்கள். பெற்றோரே, கலர் அடிக்கிற போட்டியில் பிள்ளைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு நீங்கள் அடிப்பதை நிறுத்துங்கள்.

நாலாவதாக ஒன்று, எதிர் ஃபிளாட் அப்பாவுக்கு மட்டும். நீங்கள் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். பரணிலிருந்து அந்த நோட்டை ஒருமுறை இறக்கிப் பாருங்கள் சார். கடைசிப் பக்கங்களில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்குகிறீர்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு அப்படியே தொங்குகிறது. ஆறு பக்கம், ஆறு வேறு வேறு தேதி. சமீபத்தில் உங்களை இவ்வளவு நேரம் யாராவது உற்றுப் பார்த்திருக்கிறார்களா?