வாயில் ஓர் இழை



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் குறைந்துவிடும். தறிக்குழியில் ஈரம் ஏறி, பாவு நமத்துப்போனால் உட்கார்ந்து என்ன பயன்? அப்படி ஒரு வாரத்தில்தான் ஒரு வாசகரின் கடிதம் வந்தது: "கதையை நேராகச் சொல்லாத, வசனம் சுருக்கென்று தைக்கிற க்ரைம் படங்களாக நாலு சொல்லுங்கள்." மழைக்கு ஏற்ற வேலைதான்.

இந்த வகை என்றாலே பிள்ளைகள் 1994-இல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கொலைக்குப் போகிற வழியில் இரண்டு அடியாட்கள் பர்கரைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்களே, அந்தத் தெனாவட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு 40 வருஷம் முன்பே, 1954-இல், ஏவி.எம். 'அந்த நாள்' எடுத்துவிட்டது. இயக்கம் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தரேதான். படத்தில் ஒரு பாட்டுக் கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்ல, செத்தவர் ஒவ்வொன்றிலும் வேறு மனிதராகத் திரும்பி வருகிறார். குரோசவாவின் 'ரஷோமான்' பாதிப்பு என்பார்கள். இருக்கட்டுமே, படத்தில் வருகிற, 1943-இல் ஜப்பான் குண்டு விழுந்த சென்னையின் பயம் நம்முடையதுதானே.

'விருமாண்டி' (2004) ஒரே சம்பவத்தை இரண்டு வாயால் சொல்லி, முதல் வாயை நம்பியதற்கு நம்மை வெட்கப்பட வைக்கிறது. வசனத்துக்கென்றால் தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011). ரவுடிகளை விடுங்கள், சேவலைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பனும் அவன் பிள்ளையும் பேசுவதைக் கேளுங்கள். (வீட்டில் சின்னப் பிள்ளைகள் தூங்கின பிறகு.) 'மகாராஜா' (2024), குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸுக்குப் போகிற ஒரு முடிதிருத்துநரின் கதை. காலத்தைக் கலைத்துப் போட்டதற்குக் கடைசியில் கணக்குக் காட்டுகிற படம். இப்போது வருகிற பல படங்கள் கலைப்பதோடு சரி. கதை மெலிந்திருப்பதை மறைக்கத்தான் அந்த வித்தை.

நாலு ஆயிற்று. ஐந்தாவதை யாரும் க்ரைம் படம் என்று சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. தேசிய விருதில் சிறந்த படம், பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர். மழையில் ஒரு பஸ். அதில் போலீஸ் காவலில் ஊர் திரும்புகிற ஒரு நெசவாளி. என்ன குற்றம் செய்தான் என்பது போகப்போகத்தான் அவிழ்கிறது.

எங்கள் தெருவில் ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வேலை நின்ற ஒரு சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து இதைப் பார்த்தார். பஸ் காட்சி வந்ததுமே, "போலீஸ் பிடிச்சதை முதல்லயே காட்டிட்டான், இனிமே பார்க்க என்ன இருக்கு?" என்று அலுத்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை என்று அப்பன் குழந்தையின் காதில் வாக்குக் கொடுத்தபோது நிமிர்ந்தார். அந்த வாக்குக்காக அவன் முதலாளியின் பட்டு நூலை வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற இடம் வந்ததும் அவர் கை தானாக உதட்டுக்குப் போயிற்று.

"நூலை வாயில வச்சுக்கிட்டு வாயைத் திறக்க முடியுமா? வழியில யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல முடியாதே தம்பி."

வசனம் நன்றாக இருக்கிற படம் கேட்டவருக்கு, வாய் பேச முடியாத இந்தக் காட்சியைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

படம் முடிந்து நான் டீ போட எழுந்தேன். அவர் அசையவில்லை.

"அந்த பஸ்ஸுல வருவானே, அதை இன்னொரு தடவை போடு" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்