எல்லா எழுத்துக்கும் ஒரே சட்டையா?

ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் பொழுது விடியுமுன்னே குன்றத்தூரைத் தாண்டிவிடுகின்றன. ஒரகடத்துக் கார் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் டை ஒருமுறை இறங்கினால் கதவுக்கான தகடு ஒன்று விழும். அடுத்ததும் அச்சு அசலாக அதுவே. மயிரிழை மாறினாலும் ரிஜெக்ட். காருக்கு அதுதான் முறை. அந்த முறையை எழுத்துக்கும் கொண்டுவந்ததுதான் கோளாறு.

கைப்பேசியில் எதைத் திறந்தாலும் ஒரு தலைப்பு, ஒரு படம், கீழே பத்திகள். இரங்கல் கட்டுரையும் ரசப்பொடிச் செய்முறையும் ஒரே சட்டையில் வந்து நிற்கின்றன.

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். சிவனடியார்களின் பட்டியல் அவருக்கு முன்பே இருந்தது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையின் 11 பாட்டுக்குள் அத்தனை பேரையும் அடக்கினார். ஆளுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் பெரும்பாலும் ஆளுக்கொரு பாட்டு என்று வைத்தார். சேக்கிழார் அந்தச் சம பங்கைக் கலைத்துப்போட்டார். பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தருக்கு 1,256 பாட்டு, திருநாவுக்கரசருக்கு 429. வேறு சிலருக்குப் பத்துகூட இல்லை. சொல்லவேண்டியது எவ்வளவோ, அவ்வளவு இடம்.

தமிழ் வார இதழ்களும் இதை நன்றாக அறிந்திருந்தன. 'கல்கி'யில் 1950இல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது சோழநாட்டை வாசகர் கண்முன் நிறுத்தியது மணியத்தின் தூரிகை. ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது கோபுலுவின் கோடுகளில் நாகஸ்வரக்காரரின் தோரணையே வேறாக இருந்தது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த கோடுகள், அந்த மண்ணைப் போலவே மழமழப்பு இல்லாதவை. அந்நாளில் சிறுகதைத் தலைப்பைப் பெரும்பாலும் ஓவியரே கையால் எழுதுவார். பேய்க்கதையின் எழுத்து நடுங்கும், நகைச்சுவைக் கதையின் எழுத்து குட்டிக்கரணம் போடும். முதல் வரியைப் படிக்குமுன்னே வாசகருக்குக் கதையின் மனநிலை பிடிபட்டுவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் புது அலங்காரம் தேவையில்லை. குன்றத்தூரை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். மொத்த ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்றைய மட்டம் என்ன, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்பது நாள்தோறும் ஒரே கட்டத்தில், ஒரே இடத்தில்தான் வரவேண்டும். நேற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதி. அங்கே வடிவத்தை மாற்றினால் வாசகருக்குத் தொல்லைதான்.

ஆனால் சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 அன்று அதே ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டதைச் சொல்ல அந்தக் கட்டம் போதாது. மணிக்கு மணி எவ்வளவு திறந்தார்கள் என்பது ஒரு பக்கம், அந்த நேரத்தில் திருநீர்மலையிலும் மணப்பாக்கத்திலும் சைதாப்பேட்டையிலும் அடையாறு எங்கே நின்றது என்பது மறுபக்கம் என்று அருகருகே வைத்தால்தான் நடந்தது புரியும். தண்ணீர் ஒன்றுதான், சொல்லும் வடிவம் இரண்டு.

'அதற்கெல்லாம் நேரம் எங்கே, ஆள் எங்கே?' என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. நாளிதழ் மணியோடு ஓடுவது. ஆனால் கருவி இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய பவனம், கவிவாணர் போன்ற தமிழ் எழுத்துருக்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பக்கத்தின் நிறத்தையும் ஓர இடைவெளியையும் எழுத்தின் அளவையும் மட்டும் தனியாக மாற்றுவது இன்று கல்லூரி மாணவரின் ஒரு மாலை வேலை.

பத்து செய்தி வழக்கமான அச்சிலேயே வரட்டும். பதினொன்றாவதாக ஒன்றை, ஆறு மாதம் அலைந்து எழுதிய ஒன்றை, அதே பெட்டியில் திணிக்க வேண்டாம். எழுதியவரும் வடிவமைப்பவரும் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் வைத்து அரைமணி நேரம் உட்காரட்டும். வாரத்துக்கு ஒரு கட்டுரைக்கு இதைச் செய்தாலே, ஆண்டுக்கு 52 கட்டுரைகள் சொந்த முகத்தோடு வாசகரிடம் வந்துசேரும்.