இருட்டை வெளுக்காதீங்க

பழைய கட்டடங்களை ராத்திரியில, கறுப்பு வெள்ளையில படம் எடுக்கிற ஆசை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்திருக்கு. நல்ல விஷயம்தான். சத்திரம், மச்சு வீடு, குளத்து மண்டபம்னு வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாளைக்கு ஒரு படம் வந்துடுது. ஆனா பாதிப் படம் ராத்திரி எடுத்த மாதிரியே இல்லை. செயலியில் போட்டு வெளுத்து, சுவரை எல்லாம் வழவழன்னு தேய்ச்சு அனுப்புறாங்க. கேட்டால் "இம்ப்ரூவ் பண்ணியிருக்கேன் மாமா" என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ராத்திரிப் படத்தைத் திருத்துறதுன்னா இருட்டை விரட்டுறது இல்லைங்க. முக்கால்வாசித் திருத்தம் பொத்தானை அமுக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். நாற்று சரியில்லாத வயலில் பின்னாடி எத்தனை மூட்டை யூரியா கொட்டி என்ன ஆகப்போகுது?

பௌர்ணமி வெளிச்சம் வெயிலைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு குறைவு. அந்தக் கொஞ்ச வெளிச்சம் சேர நேரம் கொடுக்கணும். கையில பிடிச்சு எடுத்தா ஆடும். ஸ்டாண்டு இல்லையா, திண்ணையில் ஒரு சின்ன மணல் மூட்டையை வச்சு அதுமேல வைங்க. 2 வினாடி டைமர் போட்டுட்டுக் கையை எடுத்துடுங்க. கேமரா வச்சிருக்கிறவங்க நிலா வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 30 வினாடி. தெருவிளக்கு விழுற சுவருக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 8 வினாடின்னு ஆரம்பிச்சு, கூட்டிக் குறைச்சுப் பாருங்க. போனை அண்ணாந்து பிடிச்சா கட்டடம் பின்னால சாயும். பத்தடி தள்ளி நில்லுங்க.

1930-களில் பாரீஸ் நகரத்தை ராத்திரியில் எடுத்துப் பேர் வாங்கினவர் பிராசாய். அவருக்குப் பனியும் மழையும் பிடிக்கும். விளக்கு வெளிச்சம் அப்போ மெதுவாப் பரவும், நனைஞ்ச தரை அதைத் திருப்பிக் கொடுக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை இருக்கே!

கறுப்பு வெள்ளைக்கு மாத்தும்போது ஒரு சூட்சுமம். மஞ்சள் சோடியம் விளக்கில் நீல வெளிச்சம் ரொம்பக் கம்மி. அதனால படத்தோட நீலப் பங்கில்தான் புள்ளி புள்ளியா இரைச்சல் தெரியும். அதைக் குறைச்சு, சிவப்பு, பச்சையை வச்சு மாத்துங்க. வாசலுக்கு உள்ளே இருட்டுன்னா அது கறுப்பாவே இருக்கட்டும். கொஞ்சம் புள்ளி இருந்தா குத்தமில்லை. தேய்ச்சு எடுத்தா புள்ளியோட சேர்ந்து காரை வெடிப்பும் போயிடும்.

என் கோபமே அந்த வெடிப்பைப் பத்தித்தான். போனில் இருக்கிற நைட் மோடு பல படங்களை எடுத்து ஒண்ணாச் சேர்க்குது, அது நியாயம். ஆனா சில செயலிகள் இல்லாத செங்கல்லையும் காரையையும் தானா வரைஞ்சு வைக்குது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்மாள் சத்திரத்துக்காவது பேர் இருக்கு. நம்ம ஊர் மண்டபத்துக்குப் பேர் கூடக் கிடையாது. நாளைக்கு ஜேசிபி வந்தா இந்தப் படம்தான் மிச்சம். அதிலும் பொய்ச் சுவர் இருந்தா எப்படி?

இடிக்காமல் பழுது பார்க்க ஆள் வந்தாலும் படம் வேணும். சுவரை ஒட்டி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிச்சு ஒரு படம் எடுங்க. உச்சி வெயிலில் தெரியாத புடைப்பு, வெடிப்பு, ஆலங்கன்று வேர் ஓடின தடம் எல்லாம் நிழலோட எழும்பி வரும். எங்கே கை வைக்கணும்னு கொத்தனாருக்கு அதைப் பார்த்தாலே புரியும். ராத்திரிப் படத்தோட பெரிய பயன் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

அதனால தம்பிகளா, தங்கச்சிகளா, அழகு பண்ணின படம் ஒண்ணு இருந்தாலும், கை வைக்காத மூலப் படத்தைத் தேதி, இடம் எழுதித் தனியா வச்சுக்கோங்க. குழுவில் அதையும் சேர்த்துப் போடுங்க. லைக் குறைஞ்சாலும் பரவாயில்லை.