வாட்ஸைப் பார்த்து சாண்டர் வாங்கலாமா?

ஹேக்சாவால் அறுத்த இரும்புப் பட்டையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் ராவி எடுத்துவிடலாம். நாலு பட்டைக்கு ராவினால் பொழுதுபோக்கு, நாற்பதுக்கு ராவினால் தண்டனை. மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சின்னதாகப் பட்டறை போட்டு கேட் கீல், அலமாரிச் சட்டம், சமையல் கத்தி என்று செய்து பார்ப்பவர்களுக்கு சாண்டர் ஆசை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

ஆசை வந்ததும் கைபேசியில் தேடுவார்கள். பெல்ட்டும் டிஸ்க்கும் ஒரே உடம்பில் சேர்ந்த மேசை இயந்திரங்கள் வரிசைகட்டி நிற்கும். படத்தின் மேல் கொட்டை எழுத்தில் வாட்ஸ் போட்டிருக்கும். பெல்ட் ஓடும் வேகத்தைக் காணோம். இருந்தாலும் பொடி எழுத்தில், கடைசி வரியில். உலோகம் தேய்க்க வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

அதற்கும் முன்னால், மேசை இயந்திரம் தேவைதானா என்று பார்க்க வேண்டும். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஒரு ஃப்ளாப் டிஸ்க் வாங்கி மாட்டினாலே வெல்டிங் மேட்டைச் சமப்படுத்துவது, துரு எடுப்பது, பிசிறு நீக்குவது எல்லாம் நடந்துவிடும். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும் கிரைண்டரில் 100 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர் வேகத்தில் போகிறது. மலிவு விலை மேசை சாண்டர் எதுவும் இதன் கிட்டே வராது. கேட், கிரில் வேலை மட்டும் செய்பவர் இத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல முகக்கவசம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் கிரைண்டரைப் பொருளிடம் கொண்டுபோக வேண்டும். தீப்பெட்டி அளவுத் துண்டுக்கு ஓரம் எடுப்பதற்கும், கத்திக்கு இரு பக்கமும் ஒரே சரிவு போடுவதற்கும் பொருளைத்தான் இயந்திரத்திடம் கொண்டுபோக வேண்டும். மேசை சாண்டருக்கு வேலை வருவது அங்கேதான்.

டிஸ்க்கா, பெல்ட்டா? கணக்குப் போட்டுப் பார்த்தால் டிஸ்க்கின் பவிசு கொஞ்சம் குறைந்துபோகிறது. 6 அங்குல டிஸ்க்கின் மொத்தப் பரப்பு 28 சதுர அங்குலம். 1 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள ஒல்லி பெல்ட்டின் பரப்பு 30. போதாக்குறைக்கு, டிஸ்க்கின் எல்லா இடமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 1,440 சுற்றில் விளிம்பு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். பாதி தூரம் உள்ளே வந்தால் அதில் பாதி. நட்டநடுவில் ஒன்றுமே இல்லை. வெளி வளையம் சீக்கிரம் மழுங்கும், நடுப்பகுதி புதுசாகவே குப்பைக்குப் போகும். பொருளை வைப்பதும் டிஸ்க் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் மட்டும்தான். மேலே ஏறும் பக்கத்தில் வைத்தால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். வெல்க்ரோவில் ஒட்டும் தாளென்றால், இரும்பு தேய்க்கும் சூட்டில் அந்தக் கொக்கிகளே உருகத் தொடங்கும்.

இருந்தும் ஒரு வேலையில் டிஸ்க்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. அறுத்த முனையை மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சதுரமாக்க, விறைப்பான தட்டின் மேல் ஒட்டிய தாள்தான் சரி. சட்டம் சட்டமாக அறுத்து வெல்டிங் செய்பவருக்கு டிஸ்க் உதவும். மற்றவர்களுக்கு அது பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் உபரி.

பெல்ட்டிலும் அகலத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. கடைகளில் அதிகம் கிடைக்கும் 4 அங்குலம் அகலம், 36 அங்குலம் நீளம் கொண்ட பெல்ட்டின் பரப்பு 144 சதுர அங்குலம். கத்தி செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் வைத்திருக்கும் 2 அங்குலம், 72 அங்குல பெல்ட்டுக்கும் அதே 144தான். ஆனால் குணம் வேறு. முன்னது அடிப்படையில் மர வேலைக்கானது; அதன் மலிவு மாடல்கள் நொடிக்கு 10 மீட்டர் வாக்கில்தான் ஓடும். அகலமான இரும்பை அழுத்திப் பிடித்தால் சின்ன மோட்டார் முனகி நின்றுவிடும். பின்னது 20 மீட்டருக்கு மேல் ஓடும். நீளம் அதிகம் என்பதால் பெல்ட் ஒரு சுற்று வருவதற்குள் ஆறவும் நேரம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒன்றரை, இரண்டு ஹெச்.பி. மோட்டார் வேண்டும். விலையும் மலிவு என்ற பேச்சுக்குள் வராது.

நடுவில் நிற்பது அந்த 1 அங்குல ஒல்லி பெல்ட். பார்க்க விளையாட்டுச் சாமான் போலிருந்தாலும் நொடிக்கு 16 மீட்டர் அளவில் ஓடும் மாடல்கள் இருக்கின்றன. தொடும் இடம் குறுகியது என்பதால் சின்ன மோட்டாரே போதும். கத்தி, உளி, சின்னப் பிராக்கெட், அறுத்த ஆணி என்று வீட்டு வேலையில் வருவதெல்லாம் அதில் அடங்கும். வாங்குவதானால் இதைத்தான் வாங்க வேண்டும்.

மோட்டாரின் தகடு இன்னும் சில உண்மைகளைச் சொல்லும். அதில் எஸ்1 என்றிருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். எஸ்2 என்று போட்டுப் பக்கத்தில் 15 நிமிடம், 30 நிமிடம் என்றிருந்தால், அவ்வளவு நேரம் ஓட்டிவிட்டு ஆறவிட வேண்டும். மலிவு இயந்திரங்களில் பல இந்த ரகம். அமெரிக்க வீடியோக்களில் கேட்கும் 3,450 சுற்று அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வகை மோட்டார் சுமார் 2,850தான் சுற்றும், பெல்ட் வேகமும் அந்த அளவு குறையும். பழைய மாவு கிரைண்டர் மோட்டாரில் சொந்தமாகச் செய்துகொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு. மோட்டாரின் உடம்பு மூடியதாக இருந்தால் சரி. காற்றுத் துளைகள் திறந்திருந்தால் இரும்புத் தூள் உள்ளே போய்க் காயிலையே தீர்த்துவிடும்.

இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணம் ஒருமுறைதான், பெல்ட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எந்த அளவு பெல்ட் ஊரில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். முருகப்பா குழுமம் 1954இல் அமெரிக்க, பிரிட்டிஷ் கூட்டாளிகளோடு தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் சென்னை நிறுவனம்தான்; எமரித் துணி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ரோலிலிருந்து கேட்ட அளவுக்கு வெட்டி மூட்டு ஒட்டித் தரும் கடைகள் தொழில் நகரங்களில் உண்டு. முரட்டு வேலைக்கு 40, 60 கிரிட்டில் சிர்கோனியா. மெருகுக்கு 120க்கு மேல் சாதா அலுமினியம் ஆக்சைடு போதும். விலை கூடிய செராமிக் பெல்ட் வேகமும் அழுத்தமும் கேட்கும். சோம்பல் இயந்திரத்தில் மாட்டினால் அதன் துகள் உடைந்து புதுக் கூர் காட்டாது, வெறுமனே பளபளத்துப் போகும்.

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் பெரிய விஷயம் தீ. ‘மரத்துக்கும் உலோகத்துக்கும் ஏற்றது’ என்று எழுதியிருப்பதை நம்பி, காலையில் தேக்குப் பலகையைத் தேய்த்துவிட்டு மாலையில் அதே பெல்ட்டில் இரும்பை வைத்தால், பொறி பறந்து நேராகத் தூசிப் பைக்குள் விழும். உள்ளே காய்ந்த மரத்தூள். அது கங்காகப் புகைந்து, ஆள் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகுகூடப் பற்றிக்கொள்ளும். அலுமினியத் தூளில் இரும்புப் பொறி விழுவது இதைவிட மோசம். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. இரும்பு தேய்ப்பதென்றால் பையைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் தூளைத் துடைத்தெடுத்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். இதை எச்சரிக்கையாகப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தினால் தப்பில்லை.

கையுறை போட்டால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. துணிக் கையுறையின் நூலை பெல்ட் கவ்வினால் விரலையும் சேர்த்தே இழுக்கும். கையுறை இல்லாத விரலுக்குச் சூடு உடனே தெரிந்துவிடும் என்பது இன்னொரு லாபம். தீட்டும்போது அரிவாள் முனை நீலம் பாய்ந்தால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அடிக்கடி முக்கி எடுக்க வேண்டும். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் இருக்கிறது, ஜி.ஐ. தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. இரண்டின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

கடையில் நேரில் வாங்குபவர் அங்கேயே இயந்திரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லலாம். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால் திருகைத் திருப்பி நடுவுக்கு வருகிறதா, வந்த இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தாங்கு தகட்டை விரலால் அழுத்தினால் வளையக் கூடாது. பிறகு அதே அளவில் மாற்று பெல்ட் நாலு எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். கடைக்காரர் பரணையும் பார்த்துவிட்டு வெறும் கையோடு இறங்கினால் பில் போட வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.