கூறைப் புடவை என்ன நிறம்?

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் சற்று வாட்டமான முகத்துடன் நம்மைக் காண வந்தார். அவருடைய கக்கத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட பெரிய படம் ஒன்று இருந்தது. 1940-ஆம் வருஷத்தில் நடந்த அவருடைய தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோ அது. இத்தனை காலமும் கறுப்பு வெள்ளையாகக் கூடத்துச் சுவரை அலங்கரித்து வந்த படத்தை யாரோ ஒரு கடைக்காரரிடம் கொடுத்து, கணிப்பொறியின் உதவியால் அதற்கு வர்ணம் ஏற்றியிருந்தார். மணமகள் கரும்பச்சைப் பட்டில் ஜொலித்தாள். மாப்பிள்ளையின் கன்னங்களோ காஷ்மீரத்து ஆப்பிளைத் தோற்கடித்தன.

"படம் பிரமாதமாகத்தானே இருக்கிறது? ஏன் இந்த வாட்டம்?" என்று கேட்டோம்.

நண்பர் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் கண்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர், தொண்ணூறு வயது தாண்டிய அவருடைய அத்தைப்பாட்டி ஒருவர்தாம். அந்த அம்மாளிடம் ஆசையுடன் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பாட்டி வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா குழந்தை, இது யார் வீட்டுக் கல்யாணம்? எங்கள் அண்ணியின் கூறைப் புடவை அரக்குச் சிவப்பாயிற்றே!" என்றாராம்.

இந்தக் கேள்விக்குக் கணிப்பொறி என்ன பதில் சொல்லும்? ஒன்றும் சொல்ல முடியாது. காரணம், அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் பெரிதும் வழங்கிய கண்ணாடித் தகடுகளின் குணம் அப்படிப்பட்டது. 'ஆர்த்தோகுரோமாடிக்' என்று பெயர் பெற்ற அந்தத் தகடுகள் நீல ஒளியையும் பச்சை ஒளியையும் ஏற்றுக்கொள்ளுமே தவிர, சிவப்பு ஒளியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டுவிடும். இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்ய இதனால் வசதியாக இருந்தது. ஆனால் சிவப்புப் பொருள்கள் எல்லாம் படத்தில் கறுத்துப்போயின. பழைய படங்களில் நம் பாட்டிமார்களின் நெற்றியில் குங்குமம் மைப்பொட்டைப்போல் தோன்றுகிறதல்லவா? அதன் ரகசியம் இதுதான். அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் அந்தத் தகட்டுக்கு ஒரே இருட்டு. அந்த இருட்டிலிருந்து எந்த இயந்திரமும் அசல் நிறத்தைத் தோண்டி எடுத்துவிட முடியாது.

கணிப்பொறிக்குப் பொய் சொல்ல வேண்டுமென்ற எண்ணம் கிடையாது. எண்ணற்ற வர்ணப் படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தைக் கொண்டு, 'இப்படி இருந்திருக்கலாம்' என்று அது ஊகம் செய்கிறது. ஊகம் செய்வது குற்றமாகாது. ஊகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் செய்ய வைப்பதுதான் குற்றம். கறுப்பு வெள்ளைப் படத்தினிடம் நாம் காணும் முதற் பெருமை இதுவே: தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக அது ஒருபோதும் பாசாங்கு செய்வதில்லை.

இப்படிச் சொல்வதால் நாம் வர்ணப் படங்களுக்கு விரோதி என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸ் தேசத்து லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, 1907-ஆம் வருஷத்திலேயே வர்ணப் படம் எடுக்கும் வித்தையைக் கடைவீதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1935-ஆம் வருஷத்தில் 'கோடாக்ரோம்' பிலிம் வந்தது. அஜந்தாச் சித்திரங்களையும், மயில் தோகையையும், நவராத்திரிக் கொலுவையும் கறுப்பு வெள்ளையில் காட்டுவது சர்க்கரை போடாத பாயசம் பரிமாறுவதற்கு ஒப்பாகும். நிறமே பொருளாக இருக்குமிடத்தில் நிறம் வேண்டியதுதான்.

ஆனால் நிறம் பொருளாக இல்லாத இடங்களும் உண்டு. நவ்ஸாரியில் பிறந்து, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று புகழ் பெற்ற ஸ்ரீமதி ஹோமாய் வியாரவாலா, 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி டில்லிச் செங்கோட்டையில் சுதந்திரக் கொடி ஏறியதைப் படம் பிடித்தார். அந்தப் படத்தில் காவியும் பச்சையும் இல்லை. செங்கோட்டைகூடச் சிவப்பாக இல்லை. ஆயினும் அதைப் பார்த்து, "கொடியின் நிறம் எங்கே?" என்று கேட்ட இந்தியர் யாரேனும் உண்டா? நிறத்தை நம் நெஞ்சமே கொடுத்துவிடுகிறது. பார்ப்பவரும் பாதி வேலை செய்யும்படி விட்டுவைப்பதுதான் கறுப்பு வெள்ளையின் கவர்ச்சி.

இரண்டையும் அருகருகே வைத்து எடை போட விரும்புவோருக்கு நமது தேசத்துச் சரித்திரமே துயரமான ஓர் உதாரணத்தைத் தந்திருக்கிறது. 1984-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் போபாலில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அங்கே ஒரு சிறு குழந்தையை மண்ணில் புதைக்கும் காட்சியை இருவர் படமெடுத்தனர். ஸ்ரீ பாப்லோ பார்தலோமியு எடுத்தது வர்ணப் படம். அவ்வருஷத்தின் தலைசிறந்த பத்திரிகைப் படம் என்று 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ' ஸ்தாபனத்தாரின் பரிசை அது பெற்றது. ஸ்ரீ ரகு ராய் எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் உலகெங்கும் பரவி, போபால் என்றவுடனே மனக்கண்ணில் எழும் படமாகிவிட்டது.

வர்ணப் படத்தைப் பார்க்கும்போது, 'இன்ன ஊரில், இன்ன நாளில், இந்தக் குழந்தைக்கு இது நடந்தது' என்று உணர்கிறோம். கறுப்பு வெள்ளையில் ஊரும் நாளும் விலகிப்போய், முகமும் மண்ணும் ஒரு கையும் மட்டுமே மிஞ்சுகின்றன. 'எந்தக் குழந்தைக்கும் இது நடக்கலாகாது' என்று மனம் பதறுகிறது. இவற்றில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. இரண்டும் சத்தியமானவை. ஏனெனில் அந்த இடத்தில் நின்று, தம் கண்ணால் கண்டவர்கள் அவற்றை எடுத்தார்கள். நிறம் வேண்டும், வேண்டாம் என்று தீர்மானித்தவர்களும் அவர்களே. அங்கே இல்லாத ஒருவர், பல வருஷம் கழித்து, வீட்டில் உட்கார்ந்துகொண்டு பூசிய நிறம் அல்ல அது.

இன்னொரு லௌகிகமான விஷயமும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளி அணுக்களால் ஆனது. நன்றாகக் கழுவி, ஈரம் படாமல் வைத்தால் நூறாண்டும் நிற்கும். 1970-களில் எடுத்த வர்ணப் படங்களோ சாயத்தால் ஆனவை. பெட்டியைத் திறந்து பார்த்தால் மாமாவும் மாமியும் பந்தலும் பந்தியும் ஒரே செம்மண் நிறமாக மாறியிருப்பதைக் காணலாம். அப்பா அம்மாவின் கல்யாணம் மங்கியிருக்க, தாத்தா பாட்டியின் கல்யாணம் தெளிவாக விளங்கும் விந்தையைப் பல வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம்.

ஆகையால் நேயர்களுக்கு நமது யோசனை இதுதான். பழைய படத்துக்கு வர்ணம் ஏற்றிப் பார்க்க ஆசையாக இருந்தால் பேஷாகச் செய்யுங்கள். ஆனால் அதைப் பிரதியில் செய்யுங்கள். 'இது ஊகம்' என்று அதன் பின்னால் எழுதி வையுங்கள். அசலைச் சட்டத்திலிருந்து இறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, நிறம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் போன பிறகு எந்த இயந்திரமும் அந்தப் பதிலைச் சொல்லாது.

நண்பர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டார். மறுநாளே அசல் படத்தை மீண்டும் கூடத்தில் மாட்டிவிட்டாராம். மாட்டுவதற்கு முன், அதன் பின்புறத்து அட்டையில் பென்ஸிலால், "கூறைப் புடவை அரக்குச் சிவப்பு. சொன்னவர் அத்தைப்பாட்டி" என்று எழுதி வைத்தாராம்.

படம் கறுப்பு வெள்ளைதான். ஆனால் இனி அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அது அரக்குச் சிவப்பாகவே தெரியும்.