படத்தில் மட்டும் ஏன் இங்கிலீஷ்?

கட்டுரை முழுக்கத் தமிழ். நடுவில் ஒரு படம் வந்தால் அதிலுள்ள பெயர்கள் மட்டும் இங்கிலீஷ். கேட்டால், "படம் வரையும் புரோகிராமில் தமிழ் வராது சார்" என்கிறார்கள். வராது என்பது பொய். வரவழைக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

எங்கள் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 குடும்புகள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இதை அசிம்ப்டோட் மொழியில் வரையச் சில வரிகள் போதும். கட்டமும் அம்பும் சொன்ன இடத்தில் வந்து நிற்கும். "தோட்ட வாரியம்" என்று லேபிள் எழுதும்போதுதான் தகராறு. அசிம்ப்டோட் எழுத்தைத் தானே கோப்பதில்லை; லேட்டெக்கிடம் கொடுத்து வாங்குகிறது. வழக்கமான லேட்டெக் தமிழைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். உடனே எல்லாரும் இங்கிலீஷுக்குத் தாவுகிறார்கள்.

தாவ வேண்டாம். லேட்டெக்குக்குப் பதில் ஸீலேட்டெக் என்று மாற்றி, ஒரு தமிழ் எழுத்துருவைச் சொல்லி, ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பை விடக்கூடாது. யூனிகோடில் 'தோ' என்பது முதலில் த, பிறகு ஓகாரக் குறி. தாளில் கொம்பு முன்னால், கால் பின்னால். இந்த இடமாற்றத்தை யாராவது செய்தாக வேண்டும். ஆபீஸ் டைப்ரைட்டரில் நம் விரலே செய்தது: கொம்பு, த, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டினோம். 1984-ல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்டின் 'ஷோ' கட்டளையும் அதே ரகம். கொடுத்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும்.

"எழுத்தைக் கோடாக மாற்றி ஒட்டிவிடுங்கள்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ்தான். ஆனால் தேடினால் அகப்படாது. பார்வையில்லாத பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டாது. அந்தப் பிள்ளைக்கு ஏரி வாரியம் வேண்டாமா? திரைக்கான படம் என்றால் எஸ்விஜியில் எழுத்தை எழுத்தாகவே வையுங்கள், பிரவுசர் கோத்துக்கொள்ளும். (பிடிஎஃப் இந்த விஷயத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும்.)

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிரெஞ்சு டைப்ரைட்டரில் பெரிய எழுத்தின் மேல் அக்ஸான் போடுவது சிரமம் என்று விட்டார்கள். மெஷின் போயிற்று, பழக்கம் போகவில்லை. பெரிய எழுத்துக்கு அக்ஸானே கிடையாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள்; பிரெஞ்சு அகாதெமி உண்டு உண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி யாராவது "வராது" என்றால், 'குடவோலை' என்ற ஒரே வார்த்தையை லேபிளாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வ-வுக்கும் ல-வுக்கும் முன்னால் கொம்பு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.